கடைந்தெடுத்த கலம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)



எனக்கு முன்னர்ப் பேசியவர்கள் யாப்பைப் பற்றியும் புதுக்கவிதையைப் பற்றியும் பேசினார்கள். நான் மரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். குறிப்பாகச் சொன்னால், மரத்துண்டைச் சுழலவிட்டு, உளி பிடித்துக் கடைந்து, அழகுக் கலங்களை உருவாக்கும் கைத்தொழிலைப் பற்றி. நிகழ்ச்சி நிரலைப் பார்த்த நண்பர் ஒருவர், “கடைசல் பட்டறைக்கும் கவிதைக்கும் என்ன உறவு?” என்று வினவினார். நியாயமான வினாதான். ‘செய்யுள்’ என்னும் சொல்லே செய்யப்படுவது என்ற பொருளை உள்ளடக்கியது என்பதை மட்டும் அவருக்கு நினைவூட்டி, எஞ்சிய விடையை மேடையில் தருகிறேன் என்று சொல்லி வைத்தேன். அந்த விடையே இவ்வுரை.

ஒரு வினை, மூன்று தொழில்

தயிரைக் கடைகிறோம். தீக்கடைகோல் கொண்டு நெருப்பைக் கடைந்தார்கள் நம் முன்னோர். மரத்தையும் கடைகிறோம். வெண்ணெயும் நெருப்பும் செப்பும் ஒன்றோடொன்று தொடர்பற்ற பொருள்கள். ஆயினும் அவற்றைப் பெறும் வினைக்குத் தமிழ் ஒரே சொல்லைத் தந்திருக்கிறது. இது உவமையால் ஏற்பட்ட ஒற்றுமையன்று என்பதைப் பழைய கடைசல் பொறியின் அமைப்பை அறிந்தவர் உடனே உணர்வர்.

மின்விசைப் பொறி வருவதற்கு முன்பு கடைசல் எப்படி நடந்தது? மரத்துண்டின் இரு தலைகளிலும் கூர்முனை ஒன்று பதியும்படி அதனை இரு கட்டைகளுக்கிடையே நிறுத்துவார்கள். அம்மரத்தின் மீதோ, அதனைத் தாங்கும் உருளையின் மீதோ கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, அதன் இரு நுனிகளையும் ஒருவர் மாறி மாறி இழுப்பார். மரம் முன்னும் பின்னுமாகச் சுழலும். மற்றொருவர் உளியைப் பிடிப்பார். மரம் உளியை நோக்கி வரும் சுற்றில் மட்டுமே வெட்டு விழும்; விலகிச் செல்லும் சுற்றில் உளியைச் சற்றே தளர்த்திக்கொள்ள வேண்டும். மத்தில் சுற்றிய கடைகயிறும் இப்படித்தான் இழுபடுகிறது. தீக்கடைகோலும் இப்படித்தான் சுழல்கிறது. மூன்றிலும் கோல் ஒன்று, கயிறு ஒன்று, மாறி மாறி இழுக்கும் கைகள் இரண்டு. தொழில் ஒன்றாக இருந்தமையால் சொல்லும் ஒன்றாயிற்று.

இவ்வகைப் பொறியின் தெளிவான மிகப் பழைய சித்திரம் எகிப்தில் உள்ளது. கி.மு. 300ஐ ஒட்டிய காலத்தைச் சேர்ந்த பெட்டோசிரிஸ் என்னும் பூசகரின் கல்லறைச் சுவரில் இருவர் செதுக்கப்பட்டிருக்கின்றனர். ஒருவர் கயிறு இழுக்கிறார். மற்றவர் உளி பிடிக்கிறார். நமக்கு இக்காட்சி வியப்பளிக்க வேண்டியதில்லை. பாற்கடல் கடைந்த கதையை அறியாதார் நம்முள் இல்லை. மந்தரம் என்னும் மத்து, வாசுகி என்னும் கயிறு, இருபுறமும் மாறி மாறி இழுக்கும் கூட்டம். அந்தக் கதையைக் கட்டியவன் எவனோ, அவன் மத்தையும் கயிற்றையும் கூர்ந்து பார்த்தவன். அமுதம் வரும் வழியில் நஞ்சும் வந்ததாகச் சொன்னானே, அது கடைசல் தொழிலுக்கும் பொருந்தி வந்ததைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நம் பேச்சு வழக்கில் ‘கடைந்தெடுத்த’ என்னும் அடை இன்று வசைக்கே பெரிதும் பயன்படுகிறது. கடைந்தெடுத்த முட்டாள், கடைந்தெடுத்த அயோக்கியன் என்கிறோம். ஆனால் உடலழகைப் பாராட்டும்போது ‘கடைந்தெடுத்தாற்போல்’ என்றும் சொல்கிறோம். கலப்பில்லாத சாரம் என்பது முன்னதன் பொருள். அதில் வெண்ணெய் இருக்கிறது. பிசிறில்லாத வடிவம் என்பது பின்னதன் பொருள். அதில் மரக்கடைசல் இருக்கிறது. பட்டறையை மறந்துவிட்ட பிறகும் மொழி பட்டறையை மறக்கவில்லை.

செப்பும் மூடியும்

கடைசல் கலங்களுள் தமிழுக்கு மிக நெருங்கியது செப்பு. மூடியோடு கூடிய சிறு கலம். மரச்செப்பு என்றதும் தாமிரபரணிக் கரையிலுள்ள அம்பாசமுத்திரம் நினைவுக்கு வரும். அடுப்பு, பானை, குடம், உரல், திருகை என்று ஒரு வீட்டுச் சமையலறை முழுவதையும் உள்ளங்கை அளவுக்குச் சுருக்கிச் சிறுமியர் விளையாட்டுக்குத் தந்த ஊர் அது.

வள்ளுவர் உட்பகை அதிகாரத்தில், 887ஆம் குறளில், செப்பையும் அதன் மூடியையும் உவமையாக்குகிறார். உட்பகை கொண்ட குடியினர் புறத்தே செப்பும் மூடியும்போல் பொருந்தியிருப்பினும் அகத்தே ஒன்றாகார் என்பது அதன் கருத்து. அச்செப்பு மரத்தாலானதா, வேறு பொருளாலானதா என்பதைக் குறள் சொல்லவில்லை. எனினும், செப்புக் கடையும் தொழிலை அறிந்தபின் அக்குறளைப் படித்தால் அதன் ஆழம் வேறாகத் தெரிகிறது.

மரச்செப்பின் அடிப்பகுதியையும் மூடியையும் ஒரே மரத்துண்டிலிருந்து எடுப்பதே சிறந்த முறை. அப்போதுதான் மரத்தின் இழையோட்டம் கீழிருந்து மேல்வரை அறுபடாமல் செல்லும். முதலில் துண்டை உருளையாக்கி, இரண்டாக அறுத்து, ஒன்றன் உட்புறத்தைக் குடைந்து, மற்றொன்றின் வாயில் அதற்கேற்ற விளிம்பைக் கடைவார்கள். அந்த விளிம்பில்தான் கைத்திறன் முழுவதும் அடங்கியிருக்கிறது. மயிரிழை கூடினால் மூடி ஏறாது. மயிரிழை குறைந்தால் நில்லாது. அதோடு முடியவில்லை. மரம் காற்றின் ஈரத்தை வாங்கும், விடும். மழைக்காலத்தில் உப்பி, கோடையில் சுருங்கும். இன்று பொருந்திய மூடி ஐப்பசி மழையில் இறுகிக்கொள்ளும். ஆகவே கடைபவர் இன்றைய பொருத்தத்தை மட்டும் கருதாமல், வரப்போகும் பருவங்களையும் கருதி விளிம்பை அமைக்க வேண்டும்.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. செப்பும் மூடியும் கூடும் இடத்தில் கோடு ஒன்று தெரியும். எவ்வளவு திறமையாகக் கடைந்தாலும் அந்தக் கோட்டை அழிக்க முடியாது. அதனால் கடைபவர் அந்த இடத்திற்கு மேலும் கீழும் அதேபோன்ற கோடுகள் சிலவற்றை வேண்டுமென்றே இழைத்து விடுகிறார். பல வளையங்களுக்கிடையே பிரிவுக் கோடு மறைந்துபோகிறது. நாம் அழகு என்று வியக்கும் வளையங்கள், பிரிவை மறைக்கப் போட்டவையாகவும் இருக்கலாம். உட்பகை கொண்ட குடியில் விருந்தும் உபசாரமும் சிரிப்பும் மிகுந்திருப்பதை நாம் கண்டதில்லையா? வள்ளுவர் இந்தத் தொழில் நுட்பத்தைக் கருதினாரா என்று என்னைக் கேட்காதீர்கள். அவர் தேர்ந்துகொண்ட உவமை அதனையும் தாங்குகிறது என்பதே எனக்குப் போதும்.

மரமும் அரக்கும்

தென்னாட்டில் அரக்கு வண்ணமிட்ட கடைசல் வேலைக்குப் பேர்பெற்ற ஊர்கள் இரண்டு. ஒன்று, பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் சாலையில் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னபட்டணம். மற்றொன்று, ஆந்திர மாநிலத்து அனகாபள்ளி மாவட்டத்தில் வராக நதிக்கரையிலுள்ள ஏட்டிக்கொப்பாக்கா. இரண்டு ஊர்களும் நெடுங்காலமாக நம்பியிருப்பது ஒரே மரத்தை. கன்னடத்தில் அதனை ஆலெ மரம் என்பர். தெலுங்கில் அங்குடு என்பர். தமிழில் வெட்பாலை என்கிறோம். தந்தம்போல் வெண்மையும் நெருக்கமான இழையும் உடையது. உளிக்கு இணங்குவது. சித்த மருத்துவர்கள் தோல் நோய்க்குத் தைலம் காய்ச்சுவதும் இம்மரத்தின் இலையைக் கொண்டே. நம் ஐந்திணைகளுள் பாலைக்குப் பெயர் தந்த மரம் இதுவே என்று கருதும் அறிஞர்களும் உண்டு. பிரிவின் திணைக்குரிய மரம் குழந்தையின் கையில் விளையாட்டுச் செப்பாகிறது என்றால், அதில் கவிஞர்கள் சிந்திக்க இடமிருக்கிறது.

அரக்கு என்றதும் பாண்டவரின் அரக்கு மாளிகையே நமக்கு நினைவு வரும். அது மரத்தின் பிசினன்று. புரசு, இலந்தை, பூவம் முதலிய மரங்களின் இளங்கிளைகளில் ஒட்டி வாழும் மிகச் சிறிய பூச்சி, தன் உடலைச் சுற்றிச் சுரந்துகொள்ளும் கூடு அது. அதனைச் சுரண்டியெடுத்துத் தூய்மை செய்து, சூட்டில் இளக்கி, வண்ணம் சேர்த்துப் பிசைந்து, குச்சிகளாக உருட்டி வைப்பார்கள்.

இக்குச்சியைக் கடைசல் பொறியில் சுழலும் கலத்தின்மேல் அழுத்திப் பிடிக்கும்போது நிகழ்வதை நேரில் பார்க்க வேண்டும். அடுப்பு இல்லை, தூரிகை இல்லை. மரமும் அரக்கும் உராயும் வெப்பத்திலேயே அரக்கு இளகி மரத்தில் பற்றிக்கொள்கிறது. பிறகு உலர்ந்த தாழை ஓலையைச் சுழலும் கலத்தின்மீது அழுத்துகிறார்கள். மேடு பள்ளமாகப் படிந்த வண்ணம் ஒரு சீராகப் பரவிக் கண்ணாடிபோல் மின்னத் தொடங்குகிறது. ஓலையின் அழுத்தம் எவ்வளவு, எந்த நொடியில் அதை எடுக்க வேண்டும் என்பதெல்லாம் கைக்கே தெரியும். வாயால் சொல்லித் தர இயலாது.

பாற்கடல் தந்த நஞ்சைப் பற்றிச் சொல்லியிருந்தேன். மலிவும் விரைவும் கருதிப் பல இடங்களிலும் செயற்கை வண்ணங்கள் மரப்பொம்மைத் தொழிலில் புகுந்தன. அவற்றுள் சிலவற்றில் ஈயம் போன்ற நஞ்சுகள் இருந்தன. குழந்தை எதையும் முதலில் வாயில் வைத்துப் பார்க்கும் என்பது தாய்மார் அனைவரும் அறிந்தது. ஏட்டிக்கொப்பாக்காவில் சி. வி. ராஜு அவர்கள், மஞ்சள், அவுரி, சாப்பிரா விதை முதலியவற்றிலிருந்து பெறும் வண்ணங்களை மீண்டும் அரக்கோடு சேர்க்கும் வழிகளை ஆராய்ந்து, ஊர்க் கலைஞர்களிடையே பரப்பினார். 2017இல் அவ்வூர்ப் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பழைமையை மீட்டார் என்பதற்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. பொருளின் அழகுக்கும் அதைக் கையில் எடுப்பவரின் நலத்துக்கும் செய்பவரே பொறுப்பு என்ற எண்ணம் இதில் இருக்கிறது. அப்பொறுப்பு சொல்லைக் கடைபவருக்கும் உண்டு.

இலங்கையின் அரக்குக் கடைசலைப் பற்றி நமக்குத் தெளிவாகத் தெரிவதற்குக் காரணமானவர், தமிழ்த் தந்தைக்கு மகனாகப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. 1908இல் வெளிவந்த இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தம் நூலில், கடைசல் பொறியில் சுழலவிட்டுச் செய்யும் அரக்கு வேலையையும், இளகிய அரக்கை மெல்லிய இழையாக இழுத்துக் கட்டைவிரல் நகத்தால் ஒட்டிச் செய்யும் வேலையையும் வேறுபடுத்தி, அவற்றுக்குக் கைவினைஞர் வழங்கிய பெயர்களைக் கொண்டே விளக்கினார். அந்தப் பெயர்களை அவர் எழுதி வைத்தார் என்பதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

சொல்லைச் சுமந்த மரக்கலம்

கடைசலுக்கும் எழுத்துக்கும் நேரடி உறவு ஏற்பட்ட வரலாற்று நிகழ்ச்சி ஒன்று உண்டு. 764ஆம் ஆண்டில் ஜப்பானில் எழுந்த கலகம் ஒன்று அடக்கப்பட்டது. அதன் பின்னர் ஷோட்டோக்கு என்னும் பேரரசி, பத்து லட்சம் மரக்கோபுரங்கள் செய்யுமாறு ஆணையிட்டார். ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரமே உள்ள சின்னஞ்சிறு தூபி. கடைசல் பொறியில் கடைந்தது. தூபியின் உடலில் குழி ஒன்று குடைந்து, புத்த மந்திரம் அச்சிட்ட தாள் சுருளை அதனுள் வைத்து, தனியே கடைந்த முடியால் அக்குழியை அடைத்தார்கள். 770இல் பணி முடிந்து, பத்துக் கோயில்களுக்கு அவை பங்கிட்டு வழங்கப்பட்டன. ஹோரியூஜி என்னும் கோயிலில் இன்றும் 40,000க்கு மேற்பட்டவை எஞ்சியுள்ளன. உலகில் எஞ்சியுள்ள மிகப் பழைய அச்செழுத்துகளுள் அந்தத் தாள்களும் சேரும்.

அச்சின் வரலாற்றை எழுதுவோர் அந்தத் தாள்களைப் போற்றுகின்றனர். தாள்களைக் காத்த மரத்தையும் போற்ற வேண்டும். காகிதம் 1,200 ஆண்டுகளுக்கு மேல் அழியாது நின்றமைக்கு, கடைந்த மரம் தந்த அடைக்கலமும் ஒரு காரணம். என்னை மிகவும் நெகிழ்வித்த செய்தி வேறொன்று. அத்தூபிகளுள் பலவற்றின் அடிப்பக்கத்தில், செய்த நாளும் கடைந்தவர் பெயரும் மையால் குறிக்கப்பட்டிருக்கின்றன. பத்து லட்சத்தில் ஒன்றைக் கடைந்த தொழிலாளியின் பெயர், அவர் செய்த பொருளின் காலடியில் நிற்கிறது. நம் நாட்டில் செப்பை உவமையாக்கிய புலவர்களின் பெயர்களை நாம் அறிவோம். அந்தச் செப்புகளைக் கடைந்தவர் ஒருவரின் பெயரையேனும் அறிவோமா?

ஒன்றும் கொள்ளாத கலம்

இனி மேனாட்டுப் பக்கம் சற்றுத் திரும்புவோம். ஐரோப்பாவில் இடைக்காலம் முழுவதும் எளிய மக்கள் உண்டது கடைந்த மரக்கிண்ணங்களில்தான். 1545இல் மூழ்கி 1982இல் வெளியே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலில், மாலுமிகள் தம் அடையாளக் குறிகளைக் கீறி வைத்திருந்த மரக்கிண்ணங்கள் கிடைத்தன. பின்னர் மட்கலமும் உலோகமும் மலிந்தபோது கிண்ணம் கடைவோர் குறைந்தனர். இங்கிலாந்தின் பக்கில்பரி என்னும் சிற்றூரில், காலால் மிதித்து இயக்கும் பழைய பொறியில், ஒரே மரத்துண்டிலிருந்து ஒன்றனுள் ஒன்றாக அடங்கும் கிண்ணங்களை எடுத்துவந்த ஜார்ஜ் லெய்லி என்பவர் 1958இல் காலமானார். அவரோடு அந்தத் தொழில் மரபு அறுந்தது. அவருடைய பொறியும் கருவிகளும் ரெடிங் நகரத்து ஊரக வாழ்க்கை அருங்காட்சியகத்துக்குச் சென்றன. பல்லாண்டுகளுக்குப் பின் ராபின் வுட் என்பவர் அந்தக் கருவிகளை ஆராய்ந்து, அவற்றைப்போன்று தாமே செய்துகொண்டு, கால்மிதிப் பொறியில் கிண்ணம் கடையும் தொழிலை மீட்டார். குரு இல்லாத இடத்தில் கருவியே குருவாயிற்று.

பயன்பாடு மறைந்த இடத்தில் வேறொன்றும் பிறந்தது. அமெரிக்காவில் ஜேம்ஸ் பிரெஸ்டினி, மரத்தைக் கண்ணாடிபோல் மெலிதாகக் கடைந்த கிண்ணங்கள் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இடம்பெற்றன. இரண்டாம் உலகப்போரின்போது, மனச்சான்றின் பொருட்டு ஆயுதம் ஏந்த மறுத்தமையால் முகாமில் தங்கவைக்கப்பட்ட பாப் ஸ்டாக்ஸ்டேல் அங்கேதான் கிண்ணம் கடையக் கற்றுக்கொண்டார். பின்னர் அத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரானார். மெல் லிண்ட்குவிஸ்ட்டும் அவர் மகன் மார்க்கும், பூஞ்சை படர்ந்து கருங்கோடுகள் ஓடிய மரத்தை, மற்றவர் விறகென்று ஒதுக்கியதை, விரும்பி எடுத்துக் கடைந்தார்கள். டேவிட் எல்ஸ்வொர்த், விரல் நுழையும் அளவே உள்ள வாயின் வழியாக வளைந்த உளியைச் செலுத்தி, உள்ளே முழுவதையும் குடைந்தெடுத்தார். உளியின் முனை எங்கே இருக்கிறது என்று கண் காணாது.

கண் காணாத இடத்தில் எதை நம்பிக் கடைவது? செவியை. சுவர் தடித்திருக்கும்போது உளி படும் ஒலி ஒன்று. மெலிய மெலிய ஒலி வேறுபட்டுக்கொண்டே போகும். அவ்வப்போது பொறியை நிறுத்தி விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு நொடி கவனம் பிசகினால் சுவர் உடைந்து சிதறும். பல நாள் உழைப்பு சீவலோடு சீவலாகக் கிடக்கும். எங்கே நிறுத்துவது என்பதுதான் இத்தொழிலின் கடைசிப் பாடமும் கடினமான பாடமும் என்பர். ஓர் அடி கூடுதலாக எழுதிக் கவிதையை உடைத்த அனுபவம் இந்த அவையில் பலருக்கும் இருக்கும்.

மரத்தின் பொறுமையைப் பற்றியும் ஒரு சொல். ஈரமரத்தை வட்டமாகக் கடைந்தால், உலர்ந்தபின் அது வட்டமாக இராது. மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. ஆண்டு வளையத்தை ஒட்டிச் சுருங்கும் அளவு, மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. அதனால் முதலில் தடிமனாகக் கடைந்து, மாதக்கணக்கில் நிழலில் ஒதுக்கி வைப்பார்கள். அது கோணலாகி, கோணி முடித்தபின், மீண்டும் பொறியில் ஏற்றி இறுதி வடிவம் தருவார்கள். முதல் கடைசலும் இறுதிக் கடைசலும் ஒரே நாளில் நிகழ்வது அரிது. எழுதிய அன்றே இதழுக்கு அனுப்பும் இளங்கவிஞர்கள் இதனைக் கருதிப் பார்க்கலாம்.

இத்தகைய கலங்களில் நீர் வைக்க முடியாது. உணவு இட முடியாது. சிலவற்றில் கைகூட நுழையாது. ‘ஒன்றும் கொள்ளாததற்குக் கலம் என்ற பெயர் எதற்கு?’ என்று கேட்பவர் மேனாட்டிலும் இருந்தனர். தமிழருக்கு இந்த வினா புதியதன்று. நம்மிடம் இதற்கு விடை முன்னமே இருக்கிறது. சிறுமியின் மரச்செப்பில் வெந்த சோறு எது? மணலே சோறு, இலையே கறி. சிற்றிலும் சிறுசோறும் நம் இலக்கியத்தில் பாடுபொருள்களாகவே நின்றவை. அந்தப் பொய்ச்சோற்றை உண்டதுபோல் பாவித்து, “நல்லா இருக்கு” என்று சொல்லாத தாத்தா பாட்டி உண்டோ? உண்மையான பசிக்கு உண்மையான சோறு வேண்டும். அதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் பாவனைச் சோற்றைப் படைக்கவும் ஏற்கவும் தெரியாத வீட்டில் குழந்தை எதைக் கற்கும்? பிறர்க்குப் படைக்கும் இன்பத்தை அது முதன்முதலாக அறிவது அந்தப் பயனற்ற கலத்தைக் கொண்டுதான். கவிதை என்னும் கலத்தைப் பற்றிக் கேட்கப்படும் இதே வினாவுக்கும் நான் தரும் விடை இதுவே.

கயிறு இழுத்தவர்

என் உரையின் முடிவுப் பகுதிக்கு வருகிறேன். பெட்டோசிரிஸ் கல்லறையில் இருவர் இருந்தனர். கடைசல் கலையைப் பாராட்டுவோர் உளி பிடித்தவரையே பாராட்டுவர். கயிறு இழுத்தவரை யார் நினைக்கிறார்கள்? அவர் பெரும்பாலும் மனைவியாகவோ, மகனாகவோ, கூலிக்கு வந்தவராகவோ இருந்திருப்பார். அவர் கை ஓய்ந்தால் உளிக்கு வேலையில்லை. அவர் இழுப்பின் சீர்தான் கலத்தின் சீர். மின்பொறி வந்தது, அவருடைய வேலை போயிற்று, தோள்வலியும் போயிற்று. அதை எண்ணி நான் வருந்தவில்லை. நாள் முழுவதும் கயிறு இழுத்தவரிடம் கேட்டால் அவரும் வருந்தமாட்டார். ஆனால் பொறி மாறும்போது, அந்தப் பொறியைச் சுற்றி வாழ்ந்த சொற்களும் போகின்றன. அதைப் பற்றி வருந்த வேண்டியவர்கள் நாம்.

மரச்செப்பு இருந்த இடத்தைப் பிளாஸ்டிக் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. பட்டறை வைத்திருப்போர் பலர் தம் பிள்ளைகளை வேறு தொழிலுக்கு அனுப்புகின்றனர். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. நம் பிள்ளைகளை நாம் உளி பிடிக்க அனுப்பவில்லையே. மரம் வாங்கிக் கொடுக்கவோ, சந்தை தேடிக் கொடுக்கவோ ஓர் இலக்கிய வட்டத்தால் இயலாது. அதற்கு அரசும் கூட்டுறவும் இருக்கின்றன. எனினும், நம்மால் மட்டுமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வோர் உளிக்கும் ஒரு பெயர் உண்டு. விளிம்புக்கு, வளையத்துக்கு, சீவலுக்கு, மரத்தின் குற்றங்களுக்கு, உளி சறுக்குவதற்கு, அரக்கு இளகும் பதத்துக்கு என ஒவ்வொன்றுக்கும் பட்டறையில் சொல் உண்டு. அவற்றுள் பல அகராதி ஏறாதவை. கடைசிப் பட்டறை மூடும் நாளில் அவை ஓசையின்றி மறையும். குமாரசுவாமி அயல்மொழிக் கைவினைஞர் சொற்களை மதித்து ஏட்டில் ஏற்றினார். நம் மொழிச் சொற்களை நாம் ஏற்ற வேண்டாமா?

ஆகவே இவ்வட்டத்தின் முன் வேண்டுகோள் ஒன்றை வைக்கிறேன். பதினோராம் ஆண்டில் நாம் நடத்தவிருக்கும் கூட்டங்களுள் இரண்டையேனும் கடைசல் பட்டறைகளில் நடத்துவோம். கவிதை வாசிப்பதற்காக அன்று, கேட்பதற்காக. செல்லும் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு கொண்டு செல்லட்டும். கேட்ட சொல், அதன் பொருள், அதைச் சொன்னவர் இசைந்தால் அவர் பெயர், ஊர் ஆகிய நான்கையும் எழுதட்டும். பெயரை எழுத மறக்க வேண்டாம். ஜப்பானியத் தூபியின் அடியில் உள்ள மை எழுத்தைப்போல அந்தப் பெயர்கள் நம் அடுத்த மலரில் இடம்பெற வேண்டும். நூறு சொற்கள் கிடைத்தால் அது நல்ல அறுவடை. முப்பது கிடைத்தாலும் தமிழுக்கு முப்பது சொற்கள் மிஞ்சும்.

என் நண்பரின் வினாவுக்கு இதுவே என் விடை. கவிஞர்கள் பட்டறையிலிருந்து உவமையை வாங்கினார்கள். கடன் இன்னும் தீரவில்லை. அதைத் தீர்க்கும் பணியை இந்த அவை ஏற்கும் என்று நம்புகிறேன்.